பேராசிரியர் கமலா சோஹோனி: பயற்றிலும் பதநீரிலும் விஞ்ஞானம் கண்டவர்

எமது பாடசாலை அன்னை நூறு அகவை காணும் இவ்வேளையில், அவளை வளர்த்தெடுத்த அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி இம்மலரின் மற்றைய பக்கங்களிற் பலர் எழுதியுள்ளனர். நாம் எடுத்துக்கொண்டவரோ இங்கு படித்தவருமல்லர், படிப்பித்தவருமல்லர். பம்பாயில் உயிர் இரசாயனவியற் பேராசிரியராக இருந்து 1998 ஆம் ஆண்டு மறைந்த மராத்தியப் பெண்மணி அவர். அப்படியானவருக்கு எமது நூற்றாண்டு மலரில் என்ன இடம் என்று சிலர் கேட்கக்கூடும். அவர் ஆயுள் முழுவதும் ஆராய்ந்தவை பயறு, அவரை, பால், பனைகளின் பதநீர் என்பவை. எங்கள் அம்மாமார் உழுந்தையும் பனங்கட்டியையும் வைத்துச் செய்துவந்த காரியங்களுக்கு ஆய்வுகூடத்திற் கணக்கு எழுதியவர் அவர் என்று சொன்னாலும் பிழையில்லை. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல 1933 ஆம் ஆண்டுக்குப் போகவேண்டும்.

கமலா பாகவத் 1911 ஆம் ஆண்டு இந்தூரிற் பிறந்தார். தந்தையார் நாராயணராவ் பாகவத்தும் பெரிய குடும்பத்தில் ஒருவரான மாதவராவ் பாகவத்தும் இரசாயனவியலாளர்கள். இருவரும் பெங்களூரில் ஜம்சேத்ஜி டாட்டாவின் முயற்சியால் உருவான இந்திய விஞ்ஞான நிறுவகத்திற் படித்தவர்கள். அந்த வீட்டிற் பெண்பிள்ளைகள் படிப்பது ஒரு புதினமாக இருக்கவில்லை. கமலாவின் மூத்த சகோதரி துர்கா பாகவத் பிற்காலத்தில் மராத்தி இலக்கியத்தில் பெரும் பெயர் பெற்றார். 1975 இல் இந்திரா காந்தி அம்மையார் அவசரகாலநிலையைப் பிரகடனஞ் செய்தபோது அதை வெளிப்படையாக எதிர்த்துச் சிறை சென்ற எழுத்தாளரும் அவரே. அக்காவும் தங்கையும் தலை குனியாமற் பேசும் குணத்தை ஒரே வீட்டிற் பெற்றிருக்கிறார்கள்.

கமலா பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் இரசாயனவியலை முதன்மைப் பாடமாகவும் பௌதிகவியலைத் துணைப் பாடமாகவும் படித்து, 1933 இல் தகுதிப் பட்டியலில் முதலாவதாக வந்து விஞ்ஞானமாணிப் பட்டம் பெற்றார். தந்தையார் படித்த அதே நிறுவகத்தில் ஆய்வு மாணவியாகச் சேர விண்ணப்பித்தார். முதலாவதாக வந்த மாணவருக்கு அங்கே இடம் கிடைப்பது வழமை. இவருக்கோ மறுக்கப்பட்டது.

மறுத்தவர் சேர். சி. வி. இராமன். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த தமிழர். 1930 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். 1933 இல் அந்த நிறுவகத்தின் முதலாவது இந்தியப் பணிப்பாளராக வந்தவர். எங்கள் பாடப் புத்தகங்களில் அவர் பெயரைப் படித்துப் பெருமைப்பட்டவர்கள்தான் நாமும். ஆனாலும் நடந்ததை நடந்தபடியே எழுதவேண்டும். கமலாவின் புள்ளிகளில் அவர் குறை கண்டதில்லை. ஆராய்ச்சி செய்யும் தகுதி பெண்களுக்கு இல்லை என்பதே அவர் சொன்ன காரணம். இருபத்திரண்டு வயதுப் பெண் ஒருத்தி இப்படியொரு கடிதம் வந்தால் என்ன செய்வாள்? எங்கள் காலத்திலும் எங்கள் ஊரிலும் பலர் அழுதுவிட்டு வேறு பாடம் எடுத்திருக்கிறார்கள். கமலா பெங்களூருக்கே புறப்பட்டுப் போனார். பணிப்பாளரின் முன்னால் நின்று, தம்மை மறுப்பதற்கு எழுத்திலே காரணம் வேண்டுமெனக் கேட்டார் என்றும், இடம் கிடைக்கும்வரை அவரது அலுவலக வாசலில் காந்தியடிகளின் வழியிலே சத்தியாக்கிரகம் இருந்தார் என்றும் அவருடைய வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுவர்.

கடைசியில் இராமன் இணங்கினார், ஆனால் நிபந்தனைகளோடு. முதலாவது வருடம் முழுவதும் அவர் தகுதிகாண் நிலையிலேயே இருப்பார். அவருடைய வேலையின் தரத்தில் பணிப்பாளருக்குத் திருப்தி வந்தாலன்றி அது அங்கீகரிக்கப்படமாட்டாது. ஆய்வுகூடத்தின் சூழலை அவர் கெடுக்கக்கூடாது. அதாவது அங்கு வேலை செய்யும் ஆண்களின் கவனம் சிதறுவதற்கு அவர் காரணமாகிவிடக்கூடாது. இந்த மூன்றாவது நிபந்தனையை இன்று வாசிக்கும் எமது தங்கைமாருக்குச் சிரிப்பு வரும். அன்று அது சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. கமலா அவற்றை ஏற்றுக்கொண்டார். ஏற்றது சரியா பிழையா என்று எமக்குள்ளேயே ஒரு நீண்ட விவாதம் நடந்தது. எங்களில் ஒருத்தி, அந்த வாசலிலேயே திரும்பி வந்திருக்கவேண்டும் என்றாள். திரும்பி வந்திருந்தால் அடுத்த வருடம் விண்ணப்பிக்கும் பெண்ணுக்கும் அதே கடிதந்தான் போயிருக்கும் என்பது மற்றவர்களின் கட்சி.

அங்கே அவருக்கு வாய்த்த ஆசான் ஸ்ரீநிவாசையா. கண்டிப்பானவர், மாணவரிடம் எவ்வளவு உழைப்பை வாங்கமுடியுமோ அவ்வளவையும் வாங்குபவர். அவரின் கீழ் பாலிலும் பயற்றினங்களிலும் உள்ள புரதங்களை கமலா ஆராய்ந்தார். ஒரு வருடம் முடிந்தது. இராமனுக்குத் திருப்தி ஏற்பட்டது. கமலாவை முறையான ஆய்வு மாணவியாக ஏற்றதோடு, அதன்பின் அந்த நிறுவகத்திற் பெண்களைச் சேர்ப்பதற்கும் வழி பிறந்தது. 1936 இல் கமலா சிறப்புத் தேர்ச்சியோடு முதுமாணிப் பட்டம் பெற்றார்.

கதவு திறந்ததென்று எழுதிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். ஆனால் கமலா அதை அவ்வளவு இலகுவில் விட்டுவிடவில்லை. அறுபது வருடங்களின் பின், பெண் விஞ்ஞானிகள் கூடிய ஒரு சபையில் பேசியபோதும் அந்த அவமதிப்பை மறக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. இராமன் பெரிய விஞ்ஞானி என்பதை ஒப்புக்கொண்டு, பெண்கள் விடயத்தில் அவர் மனம் சிறுத்திருந்தது என்பதையும் கூறினார். வெற்றி பெற்றவர் பழைய காயத்தை மறந்துவிடவேண்டுமென நாம் எதிர்பார்க்கிறோம். ஏன் மறக்கவேண்டும்? கதவு திறந்த பின்னரும் எல்லாப் பெண்களுக்கும் அது ஒரேயளவாகத் திறந்திருக்கவுமில்லை. 1940 இல் அதே நிறுவகத்திற்கு வந்து இராமனின் ஆய்வுகூடத்தில் வைரங்களையும் மாணிக்கங்களையும் ஆராய்ந்த அன்னா மணி, ஆய்வேட்டை எழுதிச் சமர்ப்பித்த பின்னரும், முதுமாணிப் பட்டம் இல்லையென்ற காரணத்தாற் கலாநிதிப் பட்டம் கிடைக்கப்பெறவில்லை. அவர் பின்னாளில் இந்திய வானிலை அவதானிப்புக் கருவிகளின் நிபுணராக விளங்கியது வேறு கதை.

பெங்களூரிலிருந்து கமலா புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்று, 1937 இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் பெண்கள் கல்லூரியான நியூன்ஹாமிற் சேர்ந்தார். அங்கு உயிர் இரசாயனவியல் ஆய்வுகூடத்தை நடத்தியவர் சேர். பிரடெரிக் கௌலண்ட் ஹொப்கின்ஸ். விற்றமின்கள் பற்றிய ஆய்வுக்காக 1929 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். பெங்களூரில் ஒரு பெண்ணை உள்ளே விடுவதற்கு இத்தனை பாடு என்றால், ஹொப்கின்சின் ஆய்வுகூடத்திலோ ஏற்கெனவே பல பெண்கள் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தனர். ஆனாலும் ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்திற் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களைத் தன் முழு உறுப்பினராக ஏற்கவில்லை. 1948 இல்தான் ஏற்றது. வெள்ளைக்காரன் நாட்டில் எல்லாம் சரியாக இருந்தது என்று எண்ணிவிடவேண்டாம்.

ஆய்வுகூடத்தில் இடநெருக்கடி. டெரெக் றிச்டர் என்ற ஆராய்ச்சியாளர் தமது மேசையைக் கமலாவுக்குக் கொடுத்தார். பகலில் அதிலே கமலா வேலை செய்வார். இரவில் அதே மேசையில் றிச்டர் படுத்து உறங்குவார். றிச்டர் வேறிடம் சென்றபின் தாவர இழையங்களை ஆராய்ந்த றொபின் ஹில்லின் கீழ் கமலா வேலையைத் தொடர்ந்தார். எடுத்துக்கொண்ட பொருள் உருளைக்கிழங்கு. அதிலிருந்து தொடங்கி, தாவர இழையங்களின் கலங்கள் எல்லாவற்றிலும் சைற்றோகுரோம் சீ என்ற பொருள் இருப்பதைக் கண்டறிந்தார். உயர்தரத்திற் சுவாசம் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும். நாம் உண்ட உணவிலிருந்து சக்தியைப் பெறும்போது இலத்திரன்களைக் கைமாற்றிக் கடைசியில் ஒட்சிசனிடம் சேர்ப்பிக்கும் சங்கிலியில் அது ஒரு கண்ணி. விலங்குகளில் அறியப்பட்டிருந்த அந்த ஏற்பாடு மரஞ்செடிகளிலும் உண்டென்பதைக் காட்ட அவருடைய வேலை உதவியது. பதினான்கு மாத ஆய்வு. நாற்பது பக்க ஆய்வேடு. எங்களுடைய உயர்தரச் செயற்பாட்டு அறிக்கைகளே அதைவிடத் தடிப்பாக இருந்தன! 1939 இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

விஞ்ஞானத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற முதலாவது இந்தியப் பெண் கமலா என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. தலைச்சேரியிற் பிறந்து சென்னையிற் கற்பித்த ஜானகி அம்மாள் 1931 இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் தாவரவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றுவிட்டார். ஆகவே அந்த முதலிடத்தை நாம் இங்கே வற்புறுத்தப் போவதில்லை. அது இல்லாவிட்டாலும் கமலாவுக்கு ஒரு குறையுமில்லை.

மேல்நாட்டிலேயே தங்கியிருக்கலாம். காந்தியடிகளின் பற்றாளரான அவர் 1939 இல் நாடு திரும்பி, புதுடில்லியிற் பெண்களுக்கென்றே அமைந்த லேடி ஹார்டிஞ் மருத்துவக் கல்லூரியில் உயிர் இரசாயனவியற் பேராசிரியராகவும் துறைத் தலைவராகவும் பொறுப்பேற்றார். அதன்பின் தமிழ்நாட்டின் நீலகிரி மலையிலுள்ள குன்னூருக்கு வந்து, அங்கிருந்த போசணை ஆராய்ச்சி ஆய்வுகூடத்தின் உதவிப் பணிப்பாளராகி விற்றமின்களின் பயனை ஆராய்ந்தார். அந்த ஆய்வுகூடமே பிற்காலத்தில் ஐதராபாத்துக்கு மாறித் தேசிய போசணை நிறுவகமாயிற்று.

1947 இல் அவருக்குத் திருமணம். கணவர் எம். வி. சோஹோனி, காப்புறுதித் துறையிற் கணக்கியல் நிபுணர். கமலா பாகவத் கமலா சோஹோனி ஆனார். வாழ்க்கை பம்பாய்க்கு மாறியது. முப்பத்தைந்து வயதைத் தாண்டித் திருமணம் செய்வதென்பது அன்றைய இந்தியாவில் எவ்வளவு பேச்சுக்கு இடமாகியிருக்கும் என்பதை எங்கள் வாசகிகளுக்கு விளக்கத் தேவையில்லை. திருமணமானால் வேலையை விட்டுவிடவேண்டும் என்ற வழமையும் அவரிடம் செல்லவில்லை. பம்பாய் றோயல் விஞ்ஞான நிறுவகத்தில் அப்போதுதான் தொடங்கப்பட்டிருந்த உயிர் இரசாயனவியற் துறையிற் பேராசிரியராகச் சேர்ந்தார். அவருடைய வாழ்நாட் பணி அங்கேதான் விளைந்தது.

பேராசிரியர் என்றால் பெரிய இயந்திரங்களும் விலையுயர்ந்த இரசாயனப் பொருட்களும் வேண்டும் என எண்ணுவோம். கமலா அம்மையார் தமது மாணவ மாணவியரிடம் கொடுத்தவை சந்தையில் வாங்கிய பயறும் அவரையும். இறைச்சியும் முட்டையும் வாங்க வசதியில்லாத கோடிக்கணக்கானோருக்குப் புரதம் கிடைப்பது இவற்றிலிருந்தே. அவற்றிலுள்ள புரதம் உடலில் எவ்வளவு சேர்கிறது என்பதே அவர் கேட்ட கேள்வி.

விடை அவ்வளவு நேரானதன்று. எமது சதையி சுரக்கும் திரிப்சின் என்ற நொதியம் சிறுகுடலிற் புரதத்தை உடைக்கிறது. பச்சையான பயற்றினங்களிலோ இந்தத் திரிப்சினை வேலை செய்யவிடாமற் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. இந்திய உணவுப் பொருட்களில் உள்ள இவ்வகைத் தடுப்பிகளை ஐம்பதுகளில் அவரும் மாணவர்களும் ஆராய்ந்து கட்டுரைகள் வெளியிட்டனர். அவரை போன்ற விதைகளில், செங்குருதிக் கலங்களை ஒன்றோடொன்று ஒட்டித் திரளச் செய்யும் புரதங்கள் இருப்பதையும் அவர்கள் ஆராய்ந்தனர். நன்றாக அவித்தால் இவை பெரும்பாலும் செயலிழந்துவிடும். பயற்றை ஊறவைத்து, முளைகட்டி, அவித்து உண்ணும் பழக்கத்தின் பின்னால் இத்தனை இரசாயனம் இருக்கிறது. அரை அவியலாய் இறக்கிய அவரைக்காய்க் கறிக்கு அம்மம்மாமார் ஏன் ஏசினார்கள் என்பது எமக்கு இப்போதுதான் விளங்குகிறது.

வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் காலபோக மழையோடு மேட்டுக்காணிகளில் உழுந்து விதைக்கும் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் எம்மிற் பலர். உழுந்து பிடுங்கும் நாட்களில் வகுப்பிற் பாதிப் பேர் வராமலிருந்த காலமும் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு, தங்கள் கையிலிருக்கும் கொட்டைக்குள் ஒரு பேராசிரியர் முப்பது வருடமாகத் தேடிய விடயம் இருக்கிறது என்று யாராவது சொல்லியிருந்தால் இரசாயனவியற் பாடம் அவ்வளவு தூரத்திற் தெரிந்திராது.

இனிப் பதநீர். நாம் கருப்பணி என்று சொல்வது. வடஇந்தியாவில் அதை நீரா என்பர். பனை, ஈச்சை முதலியவற்றின் பாளையிலிருந்தோ தண்டிலிருந்தோ வடிப்பது. முட்டியினுள்ளே சுண்ணாம்பு பூசினால் அது புளிக்காமல் இனிப்பாகவே இருக்கும், பூசாவிட்டாற் கள்ளாகும். கள்ளுக்கு எதிராகப் பேசிய காந்தியடிகள் பதநீரையும் பனங்கட்டியையும் கிராமங்களின் பிழைப்புக்குரிய தொழிலாக ஆதரித்தவர். இந்தியாவின் முதலாவது சனாதிபதி இராஜேந்திர பிரசாத்தின் யோசனையின் பேரில், அந்தப் பானத்தில் உண்மையில் என்ன போசணை உண்டென்பதை ஆராயக் கமலா அம்மையார் முன்வந்தார். அதில் விற்றமின் ஏயும் சீயும் இரும்பும் இருப்பதையும், அதைக் காய்ச்சிக் கட்டியாக்கும்போதும் பாகாக்கும்போதும் அச்சத்துக்கள் ஓரளவு எஞ்சுவதையும் அவருடைய குழுவினர் கண்டனர். அத்தோடு நிற்கவில்லை. போசணை குறைந்த ஆதிவாசிச் சமூகங்களின் கட்டிளம் பருவப் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணித் தாய்மாருக்கும் பதநீரைக் கொடுத்துப் பார்த்தனர், உடல்நலம் தேறியது. இந்தப் பணிக்காக அவருக்குச் சனாதிபதி விருது வழங்கப்பட்டது.

இதை வாசித்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது உழுத்தங்களி. பெண்பிள்ளை பெரியபிள்ளையானால் வறுத்த உழுத்தம்மாவும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் கிண்டி, வேண்டாம் வேண்டாம் என்று அழுதாலும் வாயில் வைத்துத் திணிப்பார்களே, அந்தக் களி. புரதம் ஒருபுறம், இரும்பு மறுபுறம். கமலா அம்மையாரின் இரண்டு ஆய்வுகளும் எங்கள் ஊர்ச் சட்டியொன்றிற் கலந்திருக்கின்றன. எங்கள் பாட்டிமார் சொன்னதெல்லாம் விஞ்ஞானம் என்று நாம் வாதிட வரவில்லை. அவர்கள் சொன்னவற்றிற் பிழையானவையும் இருந்தன. பெரியபிள்ளையான பிள்ளையைப் பல நாள் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வைத்திருந்ததும் அவர்களே. எது நிற்கும், எது நில்லாது என்பதைச் சோதித்துப் பார்க்க ஆய்வுகூடத்தில் ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் களி கிண்டத் தெரிந்த வீட்டிலிருந்து வந்திருந்தால் இன்னும் நல்லது.

பம்பாயின் ஆரே பாற்பண்ணைத் திட்டத்திற்கும் அவர் ஆலோசகராயிருந்து பாலின் தரத்தை உயர்த்த உதவினார். இத்தனைக்குப் பின்னும் தாம் பணியாற்றிய நிறுவகத்தின் பணிப்பாளர் பதவி அவருக்கு உரிய காலத்திற் கிடைக்கவில்லை. உள்ளே நடந்த இழுபறிகளால் நான்கு வருடங்கள் தாமதமாயிற்று. அறுபதுகளில் நடந்ததை முப்பதுகளோடு வைத்துப் பார்த்தால், வாசல் மட்டுமே மாறியது போலத் தோன்றுகிறது. முடிவில் அவர் பணிப்பாளரானார். கேம்பிரிட்ஜில் மேசையைப் பகிர்ந்துகொண்ட அதே றிச்டர், இவ்வளவு பெரிய விஞ்ஞான நிறுவகத்திற்கு ஒரு பெண் பணிப்பாளராகியதைச் சரித்திரம் எனப் பாராட்டினார்.

ஓய்வு பெற்றதும் ஓய்ந்திருக்கவில்லை. 1966 இல் பம்பாயில் ஒன்பது பெண்கள் சேர்ந்து தொடங்கிய இந்திய நுகர்வோர் வழிகாட்டிச் சங்கத்தில் இணைந்தார். கடைகளில் விற்கும் உணவுப் பொருட்களின் கலப்படத்தைச் சோதிக்கும் வேலையிலே தமது அறிவைச் செலவிட்டார்; சங்கத்தின் சஞ்சிகையான கீமத்தில் நுகர்வோர் பாதுகாப்புப் பற்றிச் சாதாரண வீட்டுப் பெண்களுக்கு விளங்கும்படி எழுதினார்; 1982 இல் அதன் தலைவியாகவும் தெரிவானார். கேம்பிரிட்ஜிற் பட்டம் பெற்றவர் மிளகாய்த் தூளையும் எண்ணெயையும் பற்றி எழுதுவதா என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. அவருக்கு எல்லாம் ஒரே வேலைதான்.

எமது பாடசாலையிலிருந்து இன்று உயிரியற் பிரிவிலும் தொழினுட்பப் பிரிவிலும் பிள்ளைகள் பல்கலைக்கழகம் போகிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகிறது. வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. கிடுகுக் கொட்டிலில் இருந்து, ஒரேயொரு அளவியை முப்பது பேர் முறை வைத்துத் தொட்டுப் பார்த்து, நியமிப்பு செய்யக் கற்ற எம்மைப் போன்றவர்களுக்கு இது சின்ன விடயமன்று. ஆனாலும் பெறுபேறு வந்தபின் அவ்வளவு தூரம் பெண்பிள்ளையை விடுவதா என்ற கதை வீடுகளில் இப்போதும் எழுகிறது. போன வருடமும் இரண்டு வீடுகளுக்கு எமது சங்கத்தினர் போய்ப் பேசவேண்டியிருந்தது. ஒரு வீட்டில் விட்டார்கள். மற்றைய வீட்டில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

1998 ஆம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிச் சபை கமலா சோஹோனி அம்மையாரைக் கௌரவிக்கப் புதுடில்லியில் ஒரு விழா எடுத்தது. முதிய வயதில் அவரும் போயிருந்தார். அந்த விழாவிலேயே மயங்கி விழுந்து, சில நாட்களுக்குள் காலமானார். அந்த வருடம் வன்னியில் யுத்தம் நடந்துகொண்டிருந்தது. ஏ9 பாதை மூடப்பட்டிருந்தது. நாமோ மரங்களின் கீழும் கொட்டில்களிலும் சைற்றோகுரோம் என்ற சொல்லைக் கொப்பியில் எழுதி மனனம் செய்துகொண்டிருந்தோம். அவருடைய பெயரை எமக்கு அப்போது ஒருவரும் சொல்லவில்லை.